1024 புள்ளி எஃப்எஃப்டி: 40 பெருக்கி தேவை, சிப்பில் இருப்பதோ 20

கோண்டாவில்_முகில் | திங்கள், இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். கடைசி வருடப் புரொஜெக்டில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

போன வருடம் வெங்காயம் நட்டு மூன்றாம் கிழமை தோட்டத்து மோட்டர் நின்றுவிட்டது. பெயரிங். கழற்றிக் கட்டி வருவதற்குள் பாதிப் பாத்தி வாடிப்போனது. அதற்கு இரண்டு கிழமைக்கு முன்பே சத்தம் மாறியிருந்தது என்று அப்பா பிறகுதான் சொன்னார். சரி, அந்தச் சத்தத்தை ஒரு சிப் கவனித்துச் சொல்லட்டுமே என்பதுதான் என் யோசனை.

மோட்டரின் உடலில் ஒட்டிய அதிர்வு சென்சரிலிருந்து செக்கனுக்கு 8000 மாதிரி வருகிறது, ஒவ்வொன்றும் 12 பிட். அதற்கு 1024 புள்ளி எஃப்எஃப்டி (அதிர்வில் எந்த அதிர்வெண் எவ்வளவு இருக்கிறது என்று பிரிக்கிற கணக்கு) செய்ய வேண்டும். போர்ட் டாங் நானோ 9கே, எஃப்பிஜிஏ (உள்ளே இருக்கிற சுற்றை நாமே எழுதி அமைக்கிற சிப்): 8640 எல்யுடி (சின்ன லொஜிக் துண்டு), 18 பிட் பெருக்கி 20, மெமரி புளொக் 26, குளொக் 27 மெகாஹெர்ட்ஸ்.

ரேடிக்ஸ்-2 (எண்களை இரண்டிரண்டாகச் சேர்க்கிற முறை) பைப்லைனாக, படிக்கு ஒரு தனி அலகு வைத்து எழுதினேன். 1024 என்றால் 10 படி. படிக்கு ஒரு கலப்பெண் பெருக்கல், அதற்கு 4 சாதாரணப் பெருக்கி, மொத்தம் 40. சிமுலேஷனில் வடிவாக ஓடுகிறது. சிந்தசிஸ் (எழுதியதைச் சிப்பின் பாகங்களாக மாற்றுவது) போட்டால் இடமில்லை என்று நிற்கிறது. தலைப்பிலேயே "வினைத்திறனான வன்பொருள் வடிவமைப்பு" என்று எழுதிக் கொடுத்துவிட்டதால் பெரிய போர்ட் வாங்கித் தப்பவும் முடியாது. எங்கே குறைக்கலாம்?

---

குளொக்_விளிம்பு | திங்கள், இரவு 10.15

தம்பி, 40 என்பது கண்ணை மூடிக்கொண்டு போட்ட கணக்கு. கடைசிப் படியில் பெருக்குவது 1 ஆல். அதற்கு முந்தியதில் 1 ஆலும் மைனஸ் ஜே ஆலும் மட்டும்தான் (ஜே என்பது −1இன் வர்க்கமூலம்). மைனஸ் ஜே ஆல் பெருக்குவதற்குப் பெருக்கியே வேண்டாம், மெய்ப் பகுதியையும் கற்பனைப் பகுதியையும் இடம் மாற்றி ஒன்றின் குறியைத் திருப்பினால் காணும். ஆகவே உண்மையான பெருக்கல் 8 இடத்தில்தான். 32 ஆகிவிட்டது.

அடுத்து, ஒரு கலப்பெண் பெருக்கலை 3 பெருக்கியால் முடிக்கலாம். தரவின் மெய், கற்பனைப் பகுதிகள் அ, ஆ. சுழற்சிக் காரணியின் (தரவைப் பெருக்குகிற நிலையான கலப்பெண்) பகுதிகள் இ, ஈ. இப்போது

ப = இ × (அ + ஆ)
ம = அ × (ஈ − இ)
வ = ஆ × (இ + ஈ)

மெய்ப் பகுதி ப − வ, கற்பனைப் பகுதி ப + ம. விரித்துப் பார், சரியாக வரும். இ, ஈ முன்கூட்டியே தெரிந்தவை, அதனால் அவற்றின் கூட்டலையும் கழித்தலையும் ரொம்மிலேயே (வாசிக்க மட்டுமான மெமரி) எழுதி வைக்கலாம். தரவை 16 பிட் சொல்லில் வைத்தால் அ + ஆ 17 பிட் வரும், உன் பெருக்கி 18 பிட், பயமில்லை. 8 × 3 = 24.

இன்னும் 4 கூடத்தான். அதனால் ரேடிக்ஸ்-2² என்று ஒன்று இருக்கிறது, அதற்கு மாறு. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில் ஹே, டோர்கெல்சன் என்ற இருவர் 1996இல் சொன்னது. காரணிகளைப் பிரித்து அடுக்குகிற விதத்தை மாற்றி, ஒன்றுவிட்டு ஒரு படியில் மைனஸ் ஜே மட்டும் வரும்படி செய்துவிட்டார்கள். பட்டர்ஃப்ளை (ஒரு ஜோடி எண்ணைக் கூட்டியும் கழித்தும் இரண்டு விடை தருகிற அலகு) பழைய ரேடிக்ஸ்-2 தான், பெருக்கிகளின் எண்ணிக்கை மட்டும் ரேடிக்ஸ்-4 (நான்கு நான்காகச் சேர்ப்பது) போல. 1024க்கு 4 கலப்பெண் பெருக்கி. 3 ஆகப் பிரித்தால் 12, 4 ஆகவே விட்டாலும் 16. உன் 20க்குள் இரண்டும் அடங்கும். தாமத வரிசைகள் (எண்கள் தம் ஜோடிக்காகக் காத்திருக்கிற மெமரி) 512, 256, 128 என்று இறங்கி 1 வரை, மொத்தம் 1023 சொல். இதைவிடக் குறைவாக மெமரி பிடிக்கிற பைப்லைன் கிடையாது.

---

கோண்டாவில்_முகில் | திங்கள், இரவு 10.32

விளங்குகிறது, நன்றி அண்ணை. மைனஸ் ஜே கதை இவ்வளவு காலமும் எனக்கு உறைக்கவே இல்லை. (தம்பி இல்லை, தங்கச்சி.)

---

பிக்கோ_போதும் | திங்கள், இரவு 10.50

நான் கேட்கப்போவது பிடிக்காது, இருந்தாலும் கேட்கிறேன். எதற்கு எஃப்பிஜிஏ? செக்கனுக்கு 8000 மாதிரி என்றால் 1024 சேர 128 மில்லிசெக்கன் ஆகும். ராஸ்பெரி பை பிக்கோவில் (சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்ட்) முழு எண்ணிலேயே எழுதினாலும் அந்த நேரத்துக்குள் முடித்துவிட்டு மிச்ச நேரம் நித்திரை கொள்ளும். தோட்டத்தில் வைக்கிற சாமான், விலை குறைவாக இருக்க வேண்டாமா?

---

தண்ணி_மாறுறவன் | செவ்வாய், காலை 6.05

மேலே இருக்கிறவர் சொல்வது சரி. தோட்டத்துக்கு மைக்ரோகன்ட்ரோலர் காணும். ஆனால் பிள்ளைக்குக் கொடுத்த பாடம் வன்பொருள், அதை மாற்றச் சொல்லிப் பயனில்லை. என் கேள்வி வேறு. அந்த 128 மில்லிசெக்கனை ஒருவரும் பைப்லைனோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லையே?

27 மெகாஹெர்ட்ஸ் குளொக்கில் 128 மில்லிசெக்கன் என்றால் 34,56,000 துடிப்பு. 1024 புள்ளிக்கு மொத்தம் எத்தனை பட்டர்ஃப்ளை? படிக்கு 512, பத்துப் படிக்கு 5120. ஒரேயொரு பட்டர்ஃப்ளை அலகை வைத்து, துடிப்புக்கு ஒன்று என்று ஓட்டினால் 5120 துடிப்பில் வேலை முடிந்தது. 0.19 மில்லிசெக்கன். மிச்சம் 127 மில்லிசெக்கனுக்கு மேல் சிப் சும்மா நிற்கும். ஒரே பெருக்கியை நான்கு தரம் பாவித்தால்கூட 20,480 துடிப்பு, ஒரு மில்லிசெக்கனுக்குள் முடிந்துவிடும்.

ஆகவே 40ஐ 12 ஆக்குவது எப்படி என்பதில்லைக் கேள்வி. 12 எதற்கு என்பதுதான்.

எங்கள் ஊரில் ஆறு கிடையாது, கிணறுதான். இருபது பாத்திக்கு இருபது பம்ப் பூட்டுகிறோமா? ஒரு பம்ப், ஒரு வாய்க்கால், மண்வெட்டியோடு ஒரு ஆள். ஒரு பாத்தி நிரம்பினதும் வரம்பை வெட்டி அடுத்ததுக்குத் தண்ணி மாறுகிறார். பட்டர்ஃப்ளை ஒன்று பம்ப், மெமரி பாத்தி, முகவரி எண்ணி மண்வெட்டிக்காரர். உங்கள் சிக்கல் முழுவதும் அந்த மண்வெட்டிக்காரரிடம்தான் இருக்கிறது. அவரை வடிவாக எழுதுங்கள்.

---

குளொக்_விளிம்பு | செவ்வாய், காலை 8.20

உவமை நல்லாத்தான் இருக்கிறது ஐயா, ஆனால் பைப்லைனை அப்படி ஒதுக்கிவிட முடியாது. வைஃபையில் 20 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் 64 புள்ளி எஃப்எஃப்டி 3.2 மைக்ரோசெக்கனுக்கு ஒன்று வர வேண்டும். எல்டிஇயில் (4ஜி கைத்தொலைபேசி) செக்கனுக்கு 3 கோடி 7 லட்சம் மாதிரி வருகிறது, 2048 புள்ளி. அங்கே மண்வெட்டியோடு ஓட நேரமில்லை, வாய்க்காலே ஆறு மாதிரி ஓடும்.

---

தண்ணி_மாறுறவன் | செவ்வாய், காலை 8.41

ஓம், அதில் எனக்கும் மறுப்பில்லை. துடிப்புக்கு ஒரு மாதிரி வருகிற இடம் பைப்லைனின் வீடு. அங்கேயும் ஒன்றைப் பாருங்கள்: பின்னூட்டத் தாமதப் பைப்லைனில் (நீங்கள் சொன்ன தாமத வரிசை வகை) பட்டர்ஃப்ளை பாதி நேரம் வரிசையை நிரப்பத்தான் நிற்கிறது, வேலை மறு பாதியில்தான். மாதிரி நெருக்கமாக வரும்போதே பாதி சும்மா என்றால், மூவாயிரத்துச் சொச்சம் துடிப்புக்கு ஒரு மாதிரி வருகிற மோட்டரில் அதை வைத்தால்?

---

கோண்டாவில்_முகில் | செவ்வாய், மாலை 5.30

கணக்கைப் பார்த்து வெட்கமாகப் போய்விட்டது. மூன்று மாதமாகப் பைப்லைன் எழுதுகிறேன், ஒரு நாளும் 8000ஐ 27 மெகாஹெர்ட்ஸோடு வைத்துப் பார்க்கவில்லை.

ஒற்றைப் பட்டர்ஃப்ளை எழுத இருந்தேன், உடனே அடுத்த முட்டுக்கட்டை. துடிப்புக்கு ஒரு பட்டர்ஃப்ளை என்றால் இரண்டு சொல் வாசிக்க வேண்டும், முந்தியதன் இரண்டு விடையை எழுதவும் வேண்டும். மெமரி புளொக்குக்கு இரண்டு வாய்தான், ஒரே துடிப்பில் இரண்டு இடத்தைத்தான் தொடலாம். இரண்டு மெமரியாகப் பிரித்தால், முதல் படியில் 0உம் 512உம் ஜோடி, கடைசிப் படியில் 0உம் 1உம் ஜோடி. மேல் பாதி கீழ் பாதி என்று பிரித்தால் முதல் படி மட்டும் ஓடுகிறது. ஒற்றை இரட்டை என்று பிரித்தால் கடைசிப் படி மட்டும். கோர்டிக் பாவித்தால் பெருக்கியே வேண்டாம் என்று ஒரு நண்பி சொல்கிறாள், அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

---

தண்ணி_மாறுறவன் | செவ்வாய், இரவு 8.10

கோர்டிக்கை முதலில் முடித்துவிடுவோம். ஜாக் வோல்டர் 1959இல் விமான வழிகாட்டிக் கணினிக்காக வெளியிட்டது, இடம்பெயர்ப்பும் கூட்டலும் மட்டும் வைத்துக் கோணம் சுழற்றுகிற கெட்டிக்கார வேலை. பெருக்கி இல்லாத சிப்பில் தங்கம். உங்களிடம் 20 பெருக்கி சும்மா கிடக்கிறது, அதை விட்டுவிட்டு 16 சுற்றுக் கூட்டலில் எல்யுடியைச் செலவழிப்பானேன்? போதாக்குறைக்கு விடை 1.6468 மடங்கு பெருத்து வரும், அதையும் ஒருக்கால் சரிக்கட்ட வேண்டும். உங்கள் மெமரிச் சிக்கலுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

மெமரிக்கு வருவோம். ஒரு தாளை எடுத்து 8 புள்ளிக்கு முகவரிகளை இருமத்தில் எழுதுங்கள்:

000, 001, 010, 011, 100, 101, 110, 111

எந்தப் படியிலும் ஜோடி சேருகிற இரண்டு முகவரிக்கும் ஒரே ஒரு பிட்தான் வித்தியாசம். முதல் படியில் 0–4, 1–5, 2–6, 3–7: மேல் பிட். இரண்டாவதில் 0–2, 1–3, 4–6, 5–7: நடுப் பிட். மூன்றாவதில் 0–1, 2–3, 4–5, 6–7: கீழ் பிட். வேறு எதுவும் மாறாது.

ஒரு பிட் மாறினால் முகவரியில் உள்ள 1களின் எண்ணிக்கை ஒன்று கூடும் அல்லது குறையும். அதாவது இரட்டையாக இருந்தது ஒற்றையாகும், ஒற்றை இரட்டையாகும். எனவே 1கள் இரட்டையாக உள்ள முகவரிகளை ஒரு மெமரியில் போடுங்கள்: 0, 3, 5, 6. ஒற்றையாக உள்ளவற்றை மற்றதில்: 1, 2, 4, 7. இப்போது மேலே எழுதிய 12 ஜோடியையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். எந்த ஜோடியும் ஒரே மெமரிக்குள் விழாது. 1024க்கும் இதே கதை, 10 பிட்டையும் எக்ஸ்ஓஆர் (1கள் ஒற்றையென்றால் 1, இரட்டையென்றால் 0) செய்தால் எந்த மெமரி என்று தெரியும். மெமரிக்குள் முகவரி, கீழ் பிட்டை விட்ட மிச்ச 9 பிட்.

ஒவ்வொரு மெமரிக்கும் துடிப்புக்கு ஒரு வாசிப்பு, ஒரு எழுத்து. இரண்டு வாய் காணும். எடுத்த இடத்திலேயே விடையைப் போடுவதால் வேறு இடமும் வேண்டாம். 512 சொல் × 32 பிட் = 16,384 பிட், உங்கள் போர்டில் ஒரு புளொக் 18 கிலோபிட், அச்சாகப் பொருந்தும்.

ஒரு எச்சரிக்கை. பெருக்கிக்குள் இரண்டு மூன்று துடிப்புத் தாமதம் இருக்கும். ஒரு படியின் கடைசி விடை எழுதப்படுவதற்கு முன் அடுத்த படியின் முதல் வாசிப்பைத் தொடங்கினால் பழைய எண் வரும். படிக்கும் படிக்கும் நடுவில் சில துடிப்பு சும்மா நில்லுங்கள். உங்களிடம் நேரத்துக்குப் பஞ்சமா?

---

பூச்சியம்_ஒன்று | செவ்வாய், இரவு 9.25

சுழற்சிக் காரணி ரொம்மை எட்டில் ஒன்றாகச் சுருக்கலாம் என்று சொல்ல வந்தேன். சைனும் கொசைனும் 45 பாகைக்குள் தெரிந்தால் மிச்சமெல்லாம் கண்ணாடி விம்பம்தானே, 512க்குப் பதில் 129 சொல் காணும்.

---

தண்ணி_மாறுறவன் | செவ்வாய், இரவு 9.31

புத்தகப்படி சரி. ஆனால் 512 × 32 பிட் ஒரு புளொக்குக்குள் அப்படியே அடங்குகிறது. 129 சொல்லாக்கினாலும் அதே ஒரு புளொக்தான் போகும், மேலதிகமாகக் குறி திருப்புகிற லொஜிக் வேறு. சிப்பாகவே வார்ப்பதாக இருந்தால் சுருக்குங்கள். இங்கே வேண்டாம்.

---

கோண்டாவில்_முகில் | ஞாயிறு, மாலை 4.15

எழுதி முடித்தேன்! 4 பெருக்கி, தரவுக்கு 2 புளொக், காரணிக்கு 1, அடுத்த 1024 மாதிரி வந்து சேர 1. மொத்தம் 4 புளொக். மூன்று பெருக்கி வித்தையைப் போடவில்லை, 16 பெருக்கி மிச்சம் கிடக்கிறது. விடை தலைகீழ் பிட் வரிசையில் வருகிறது (8 புள்ளியில் 0, 4, 2, 6, 1, 5, 3, 7), அதை அடுக்கத் தனிச் சுற்று வைக்கவில்லை. வாசிக்கும்போது முகவரிக் கம்பிகளைத் தலைகீழாகப் பூட்டிவிட்டேன். செலவே இல்லை.

12 பிட்டை 16 பிட் சொல்லில் வைத்து, ஒவ்வொரு படியிலும் பாதியாக்கினேன். நிரம்பி வழியவில்லை, ஆனால் சின்ன அதிர்வெல்லாம் காணாமல் போய்விட்டது. பிறகு புளொக் ஃப்ளோட்டிங் போட்டேன். படி முடியும்போது எல்லாச் சொல்லிலும் குறிக்குக் கீழே 2 பிட் காலியாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் மட்டும் இடம்பெயர்க்கிறது. சின்னதெல்லாம் திரும்பி வந்தது.

ஆனால் கூடவே ஒரு பேயும் வந்திருக்கிறது. சென்சரை மேசையில் சும்மா வைத்திருக்கிறேன். எஃப்எஃப்டி விடையில் ஒவ்வொரு அதிர்வெண் துண்டுக்கும் ஒரு பெட்டி அல்லவா, 1ஆம் பெட்டியில் பெரிய எண். 2, 3 இரண்டிலும் அதில் கிட்டத்தட்டப் பாதி. 4 முதல் 7 வரை அதிலும் பாதி. படிக்கட்டு மாதிரி. 0இல் ஒன்றுமில்லை. மேசை ஆடுகிறதா என்று நிலத்திலும் வைத்துப் பார்த்தேன், அதே படிக்கட்டு.

---

குளொக்_விளிம்பு | ஞாயிறு, மாலை 5.02

தங்கச்சி, பெருக்கின பிறகு கீழ் 15 பிட்டையும் அப்படியே வெட்டி எறிகிறாயா?

---

கோண்டாவில்_முகில் | ஞாயிறு, மாலை 5.06

ஓம். வலப்பக்கம் 15 இடம்பெயர்த்தேன். பிழையா?

---

குளொக்_விளிம்பு | ஞாயிறு, மாலை 5.40

அதுதான் பேய். இரண்டின் நிரப்பியில் (சிப் மைனஸ் எண்ணை எழுதுகிற முறை) வெட்டினால் எண் எப்போதும் கீழ்ப்பக்கம்தான் சரியும், மைனஸ் எண்ணும் கீழேதான். சராசரி அரை பிட் இழப்பு. ஒரு சொல்லில் அரை பிட் தெரியாது. ஆனால் முதல் படியில் நீ பெருக்குவது கழித்து வருகிற 512 சொல்லைத்தான். அந்த 512க்கும் ஒரே திசையில் அரை பிட் சரிவு. அடுத்த ஒன்பது படியும் அவற்றைக் கூட்டிக்கொண்டே போய் 256 ஆக்கி ஒரே பெட்டியில் கொண்டுபோய்க் கொட்டும். அந்தப் பெட்டி 1. இரண்டாம் படியின் சரிவு 128 ஆகி 2, 3இல் விழும். மூன்றாம் படியுடையது 64, அது 4 முதல் 7 வரை. 0ஆம் பெட்டிக்குப் போகிற பாதையில் கூட்டல் மட்டும்தான், பெருக்கலே இல்லை, அதனால் அது சுத்தம். முன்பு படிக்குப் படி பாதியாக்கினபோது இந்தச் சரிவு பெருக வழியில்லை, அதனால் உன் கண்ணில் படவில்லை.

வெட்டுவதற்கு முன் 16,384ஐக் கூட்டு. அதாவது அரை. அவ்வளவுதான்.

---

கோண்டாவில்_முகில் | ஞாயிறு, மாலை 6.20

போய்விட்டது!! ஒரேயொரு கூட்டல். இரண்டு நாளாகச் சென்சர் வயரை மாற்றி மாற்றிப் பூட்டிக்கொண்டிருந்தேன்.

---

வைண்டிங்_கடை | ஞாயிறு, இரவு 7.45

இந்த பட்டர்ஃப்ளை எல்லாம் எனக்கு விளங்காது, நான் மோட்டர் கட்டுகிறவன். ஒன்று கேட்கலாமா? தோட்டத்து பம்ப் அநேகமாக 2 போல் (இரண்டு காந்தத் துருவம்) மோட்டர். 50 ஹெர்ட்ஸ் கரண்டில் 3000 சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக, 2880 அளவில் ஓடும். செக்கனுக்கு 48 சுற்று. உங்கள் கருவி சுற்றால் வருகிற 48ஐயும் கரண்டால் வருகிற 50ஐயும் பிரித்துச் சொல்லுமா? சொல்லாவிட்டால் பெயரிங்கா வைண்டிங்கா என்று எனக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை.

---

தண்ணி_மாறுறவன் | ஞாயிறு, இரவு 8.15

வாருங்கள் அண்ணை. இவ்வளவு நாளும் ஒருவரும் கேட்காத கேள்வி இது.

பிரிக்காது. 8000ஐ 1024ஆல் வகுத்தால் ஒரு பெட்டியின் அகலம் 7.8 ஹெர்ட்ஸ். 48உம் 50உம் ஒரே பெட்டிக்குள். பெட்டியை ஒடுக்க ஒரே வழி, கூட நேரம் கேட்பது. முகில், உங்கள் எஃப்எஃப்டியைத் தொடவே வேண்டாம். முன்னால் ஒரு வடிகட்டி வைத்து மாதிரியை 16இல் ஒன்றாக்குங்கள். செக்கனுக்கு 500, பெட்டி 0.49 ஹெர்ட்ஸ், 48க்கும் 50க்கும் நடுவில் நான்கு பெட்டி. ஹான் சாளரத்தால் (மாதிரித் தொகுதியின் இரு ஓரத்தையும் மெல்லப் பூச்சியமாக்குகிற எடை) பெருக்கிவிட்டுப் போட்டால் இரண்டு முனையும் தனித்தனியாகத் தெரியும். அதற்கு 2 செக்கன் காத்திருக்க வேண்டும், மோட்டர் எங்கேயும் ஓடிவிடாது.

8000 மாதிரி ஓட்டத்தையும் விடாதீர்கள், பெயரிங் அடி அங்கேதான் கேட்கும். 8 குண்டு உள்ள பெயரிங்கில் வெளி வளையத்தில் பழுது என்றால் சுற்று வேகம் × குண்டு எண்ணிக்கை × 0.4 என்று ஒரு கைக்கணக்கு உண்டு. 48 × 8 × 0.4, ஏறக்குறைய 154 ஹெர்ட்ஸ். ஒரே பட்டர்ஃப்ளையால் இரண்டு எஃப்எஃப்டியும் ஓடும், நேரம்தான் கிடக்கிறதே.

இதில் ஒரு பொருத்தமும் உண்டு. கூலி, டூக்கி இருவரும் 1965இல் இந்த வழியை வெளியிட்டதற்குப் பின்னால் இருந்த தேவைகளில் ஒன்று, சோவியத்தின் நிலத்தடி அணுகுண்டுச் சோதனைகளை நில அதிர்வுக் கருவிகளால் கண்டுபிடிப்பது. கவுஸ் கிட்டத்தட்ட 1805இலேயே சிறுகோள்களின் பாதைக்காக இதே வித்தையை எழுதி வைத்திருந்தார் என்பது வேறு கதை.

---

கோண்டாவில்_முகில் | அடுத்த சனி, மாலை 6.50

இன்று கிணற்றடியில் வைத்துப் பார்த்தேன். 50இல் ஒரு முனை, 47.9இல் ஒரு முனை, நடுவில் பள்ளம். போன வருடம்தான் புதுப் பெயரிங் போட்டது, ஆனாலும் 153இல் சின்னதாக ஒன்று நிற்கிறது. அப்பா மோட்டரில் காதை வைத்துப் பார்த்துவிட்டு "ஒண்டுமில்லை, நல்லாத்தான் இருக்கு" என்கிறார்.

வைண்டிங்_கடை அண்ணை, இப்போதே கழற்றிப் பார்ப்பதா, கொஞ்ச நாள் ஓடவிட்டு அந்த முனை வளருகிறதா என்று பார்ப்பதா?

---

வைண்டிங்_கடை | அடுத்த சனி, இரவு 7.30

பிள்ளை, எதையும் கழற்ற முதல் அடித்தள நட்டு நாலையும் இறுக்கிவிட்டு ஒருக்கால் திரும்ப எடுத்துப் பாருங்கோ. 153 அப்படியே நின்றால் மட்டும் கொண்டு வாங்கோ. கப்பி, பெல்ட் ஏதும் இருந்தால் அதையும் சொல்லுங்கோ.